யார் உண்மையில் வாக்களிப்பார்? அமெரிக்கக் கருத்துக்கணிப்புகளைப் படிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2012 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முந்தைய நாள் கேலப் நிறுவனம் தன் கடைசிக் கருத்துக்கணிப்பை வெளியிட்டது. பதிவு செய்த வாக்காளர்களிடையே ஒபாமாவுக்கு 49 சதவீதம், மிட் ராம்னிக்கு 46. அவர்களிலேயே வாக்குச்சாவடிக்கு வருவார்கள் என்று கேலப் கருதியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ராம்னி 49, ஒபாமா 48. அழைத்த நாட்களும் கேட்ட கேள்விகளும் ஒன்றுதான். ஆனாலும் ஒரு கணக்கில் ஒருவர் முந்துகிறார், இன்னொரு கணக்கில் மற்றவர் முந்துகிறார். தலைப்புச் செய்திக்குப் போனது இரண்டாவது கணக்கு. மறுநாள் ஒபாமா ஏறக்குறைய நான்கு புள்ளி வித்தியாசத்தில் வென்றார்.

அமெரிக்கத் தேர்தல் எண்களைத் தமிழ்ச் செய்திகளில் படிப்பவர்களுக்கும், அங்கேயே குடியேறி முதன்முறை வாக்களிக்கப்போகிறவர்களுக்கும் இந்த இரண்டாவது கணக்கு எப்படி உருவாகிறது என்று தெரிந்திருப்பது நல்லது. கருத்துக்கணிப்பில் பாதி அளவீடு, பாதி ஊகம். யாருக்கு வாக்கு என்று மக்கள் சொல்வது அளவீடு. அவர்களில் யார் உண்மையில் வருவார்கள் என்று நிறுவனம் முடிவு செய்வது ஊகம். அந்த ஊகம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: எந்தக் கூட்டத்தின் எண் என்று பாருங்கள்

அமெரிக்கக் கருத்துக்கணிப்புப் பட்டியல்களில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஏ’, ‘ஆர்.வி.’, ‘எல்.வி.’ என்று சிறிதாக ஒரு குறி இருக்கும். வேறு எதைப் பார்ப்பதற்கும் முன்னால் அதைப் பாருங்கள்.

‘ஏ’ என்றால் வயது வந்தவர்கள் எல்லோரும். கிரீன் கார்டில் இருப்பவர், வேலை விசாவில் இருப்பவர் என்று வாக்குரிமையே இல்லாதவர்களும் இதில் உண்டு. நாட்டின் மனநிலையை அறிய இது சரி, தேர்தல் முடிவை அறிய உதவாது. ‘ஆர்.வி.’ என்பது வாக்காளராகப் பதிவு செய்தவர்கள். இந்தியாவில் வாக்காளர் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பைத் தேர்தல் ஆணையம் எடுத்துக்கொள்கிறது. அதன் அலுவலர்கள் வீடு தேடியும் வருகிறார்கள். அமெரிக்காவில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் குடிமகன் தலையில்தான். வேறு மாநிலத்துக்கு வீடு மாறினால் மீண்டும் பதிவு செய்ய வேண்டும். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதே தானாகப் பதிவாகிவிடும் முறை இப்போது பல மாநிலங்களில் வந்திருக்கிறது. வட டகோட்டாவில் பதிவு என்பதே கிடையாது.

‘எல்.வி.’ என்பதுதான் நம் விஷயம்: லைக்லி வோட்டர், அதாவது வாக்களிக்கக்கூடியவர். இப்படி ஒரு கூட்டம் எந்த அரசுப் பதிவேட்டிலும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தானே உருவாக்கிக்கொள்வது இது.

ஏன் உருவாக்க வேண்டியிருக்கிறது? 2016 அதிபர் தேர்தலில் வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் சுமார் 60 சதவீதத்தினரே வாக்களித்தார்கள். 2020இல் அது சுமார் 66 சதவீதம். 1900க்குப் பிறகு அவ்வளவு பேர் வந்ததில்லை. அதிபர் பதவிக்குப் போட்டி இல்லாத இடைக்காலத் தேர்தல்களில் நிலைமை இன்னும் மோசம். 2014இல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் வந்தார்கள். நூறு பேரிடம் கேட்டு, அவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் வாக்களிக்கவே போவதில்லை என்றால் நூறு பேரின் பதிலையும் கூட்டிச் சொல்வதில் அர்த்தமில்லை. வாக்களிப்பது கட்டாயமாக இருக்கும் ஆஸ்திரேலியாவில் கருத்துக்கணிப்பாளர்களுக்கு இந்தத் தலைவலி கிட்டத்தட்ட இல்லை.

படி 2: பெயர்கள் எங்கிருந்து எடுக்கப்பட்டன?

இரண்டு வழிகள் பிரபலம். எண்களை எதேச்சையாக உருவாக்கித் தொலைபேசியில் அழைப்பது ஒன்று. இதில் அழைப்பை எடுத்தவர் யார், பதிவு செய்திருக்கிறாரா, முன்பு வாக்களித்தாரா என்பதையெல்லாம் அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று, மாநிலங்களின் வாக்காளர் பட்டியலிலிருந்தே பெயர்களைப் பொறுக்கியெடுத்து அழைப்பது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழும் சியெனா பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் கருத்துக்கணிப்பு இந்த இரண்டாவது வகை. இவை தவிர, இணையத்தில் பதிவு செய்துகொண்ட உறுப்பினர்களிடம் கேட்கும் யூகவ் போன்ற நிறுவனங்களும் உண்டு.

இந்தியாவிலிருந்து போகிறவர்களை அந்த வாக்காளர் பட்டியல் திடுக்கிட வைக்கும். பெயர், முகவரி, வயது ஆகியவற்றோடு, எந்தெந்தத் தேர்தலில் அவர் வாக்களித்தார், எதில் வாக்களிக்கவில்லை என்பதும் அதில் இருக்கும். யாருக்கு வாக்களித்தார் என்பது மட்டும் இருக்காது. எந்தக் கட்சியின் பெயரில் பதிவு செய்துகொண்டார் என்பதும் பல மாநிலங்களில் உண்டு. டெக்சாஸ், விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் கிடையாது. ஜார்ஜியா போன்ற சில தென்மாநிலங்களில் இனமும் பதிவாகியிருக்கும். 2002இல் வந்த ஒரு சட்டம், ஒவ்வொரு மாநிலமும் ஒரே கணினிப் பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்றது. அதன்பின் இந்தப் பட்டியல்களை வாங்கித் தொலைபேசி எண்களை இணைத்து விற்கும் தனியார் வணிகம் பெரிதாக வளர்ந்தது. கட்சிகளும் அவர்களிடம் வாங்குகின்றன, கருத்துக்கணிப்பாளர்களும் அவர்களிடம் வாங்குகிறார்கள்.

படி 3: கேள்விகளைப் படித்துப் பாருங்கள்

‘வாக்களிப்பீர்களா?’ என்று நேரடியாகக் கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் ‘ஆமாம்’ என்பார்கள். வாக்களிப்பது நல்ல குடிமகனின் கடமை என்று பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் கேட்கும்போது ‘இல்லை’ என்று சொல்ல வாய் வராது. ‘போன தேர்தலில் வாக்களித்தீர்களா?’ என்ற கேள்விக்கும் இதே கதிதான். ஆய்வாளர்கள் இத்தகைய பதில்களை அரசுப் பதிவேட்டோடு ஒப்பிட்ட போதெல்லாம், வாக்களித்ததாகச் சொன்னவர்களில் ஒரு பகுதியினர் வாக்களிக்கவில்லை என்றே தெரியவந்திருக்கிறது.

ஆகவே கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்கும் கலை வளர்ந்தது. அதன் மூல வடிவம் கேலப் நிறுவனத்தின் புள்ளியியலாளர் பால் பெர்ரி 1950களிலும் 60களிலும் உருவாக்கியது. ஏழு கேள்விகள். இந்தத் தேர்தலைப் பற்றி எவ்வளவு யோசித்திருக்கிறீர்கள்? உங்கள் பகுதியில் மக்கள் எங்கே போய் வாக்களிப்பார்கள் என்று தெரியுமா? அந்த இடத்தில் நீங்கள் முன்பு வாக்களித்திருக்கிறீர்களா? வழக்கமாக எவ்வளவு தவறாமல் வாக்களிப்பீர்கள்? போன அதிபர் தேர்தலில் வாக்களித்தீர்களா? இந்த முறை வாக்களிக்கத் திட்டமா? ஒன்று முதல் பத்து வரையிலான அளவில் உங்கள் வாய்ப்பு எவ்வளவு?

சாதகமான பதிலுக்கு ஒரு மதிப்பெண். ஏழுக்கு ஏழு வாங்கியவர் நிச்சயம் வருவார் என்று வைத்துக்கொள்ளலாம். முன்பு வாக்களிக்கும் வயதையே எட்டாத இளைஞர்கள் பழைய தேர்தல்கள் பற்றிய கேள்விகளில் மதிப்பெண் இழக்கக் கூடாது என்பதற்காக அவர்களுக்குச் சலுகை மதிப்பெண் உண்டு.

இந்த ஏழில் எனக்கு மிகவும் பிடித்தது வாக்களிக்கும் இடம் தெரியுமா என்ற கேள்வி. ஆர்வத்தைப் பற்றிப் பொய் சொல்லலாம். எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்தத் தேவாலயக் கூடத்தில் வாக்குச்சாவடி என்று கேட்டால் தெரிந்தவருக்குத்தான் தெரியும். ஆனால் தபால் வாக்கு பெருகிவிட்ட இந்தக் காலத்தில் அந்தக் கேள்வியின் கூர்மை மழுங்கிவிட்டது. வாக்குச்சீட்டு வீட்டுக்கே வரும் ஆரெகன் மாநிலத்தவரிடம் அதைக் கேட்டு என்ன பயன்?

கேள்வியின் சொல்லமைப்பையும் கவனியுங்கள். ‘உடல்நலக் குறைவாலோ நேரமின்மையாலோ பதிவு செய்யாததாலோ பலரால் வாக்களிக்க முடியாமல் போகிறது. உங்களுக்கு எப்படி?’ என்று முதலில் ஒரு சாக்கைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால் உண்மை வெளிவரும் வாய்ப்பு அதிகம். நல்ல ஆய்வுகள் இப்படித்தான் கேட்கின்றன.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ‘வாக்களிக்கப் போவதில்லை’ என்று சொன்னவர்களிலும் கணிசமானவர்கள் கடைசியில் வாக்களித்துவிடுகிறார்கள். ‘மாட்டேன்’ என்பவரை அந்த நொடியே பட்டியலிலிருந்து அடித்துவிடும் நிறுவனங்கள் இவர்களை இழந்துவிடுகின்றன.

சில நிறுவனங்கள் இந்த ஏழையும் விட்டுவிட்டு ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கின்றன. விஸ்கான்சினில் உள்ள மார்க்கெட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் கருத்துக்கணிப்பில், ‘உறுதியாக வாக்களிப்பேன்’ என்பவரும் ஏற்கெனவே வாக்களித்துவிட்டவரும்தான் வாக்களிக்கக்கூடியவர். எளிமையான இந்த முறை மட்டமானது என்று நினைத்துவிட வேண்டாம்; நல்ல பெயர் எடுத்த கருத்துக்கணிப்பு அது.

படி 4: சொன்னதைப் பதிவேட்டோடு சேர்த்துப் பார்க்கிறார்களா?

பட்டியலிலிருந்து பெயர் எடுத்தவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ‘எப்போதும் வாக்களிப்பேன்’ என்று ஒருவர் சொன்னால், கடந்த நான்கு தேர்தல்களில் அவர் எத்தனை முறை வந்தார் என்று உடனே பார்த்துவிடலாம். பியூ ஆய்வு மையம் 2014 இடைக்காலத் தேர்தலை வைத்துப் பல முறைகளைச் சோதித்து, 2016 தொடக்கத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டது. தங்கள் ஆய்வில் பங்கேற்றவர்கள் உண்மையில் வாக்களித்தார்களா என்று பதிவேட்டில் சரிபார்த்து, எந்த முறை அவர்களைச் சரியாக அடையாளம் கண்டது என்று ஒப்பிட்டார்கள். வாய்ப்பேச்சோடு பழைய வாக்களிப்பு வரலாற்றையும் சேர்த்துக்கொண்ட முறைகள் மேலானவையாக நின்றன.

ஆனால் வரலாறு இல்லாதவர்களை என்ன செய்வது? இப்போதுதான் பதினெட்டு வயது நிரம்பியவர், வேறு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவர், புதிதாகக் குடியுரிமை பெற்றவர் ஆகியோரின் ஏடு வெறுமையாக இருக்கும். பத்து, பதினைந்து ஆண்டுகள் கிரீன் கார்டுக்குக் காத்திருந்து, குடியுரிமை உறுதிமொழி எடுத்த கையோடு வாக்காளராகப் பதிவு செய்துகொண்ட தமிழர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் ஆர்வத்தில் குறைவே இருக்காது. ஆனால் பழைய வரலாற்றை மட்டும் நம்பும் கணக்கில் அவர் கடைசி வரிசை. கருத்துக்கணிப்பாளரின் அழைப்பு வந்தால் ஆர்வத்தைப் பற்றிய கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்லுங்கள். உங்கள் வெற்று ஏட்டை ஈடுகட்டப்போவது அந்தப் பதில்கள்தான்.

படி 5: வெட்டுக்கோடா, நிகழ்தகவா?

மதிப்பெண் போட்டாயிற்று. அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் முடிவு புரள்கிறது. கையில் காகிதம் எடுத்துக்கொண்டு ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. எண்கள் என் கற்பனை, முறை உண்மையானது.

பதிவு செய்த 1,000 பேர் பதில் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம். தவறாமல் வாக்களிப்பவர்கள் 400 பேர். அவர்களில் ‘அ’ வேட்பாளருக்கு 184, ‘ஆ’ வேட்பாளருக்கு 216. அவ்வப்போது வாக்களிப்பவர்கள் 350 பேர். ‘அ’வுக்கு 189, ‘ஆ’வுக்கு 161. அபூர்வமாக வருபவர்கள் 250 பேர். ‘அ’வுக்கு 150, ‘ஆ’வுக்கு 100. எல்லோரையும் கூட்டினால் ‘அ’ 523, ‘ஆ’ 477. அதாவது பதிவு செய்தவர்களிடையே ‘அ’ நான்கரைப் புள்ளிக்கு மேல் முன்னிலை.

முதல் முறை வெட்டுக்கோடு. பெர்ரியின் பழைய முறை இதுதான். இந்த 1,000 பேரில் 600 பேர் வருவார்கள் என்று நிறுவனம் எதிர்பார்க்கிறது. மதிப்பெண் வரிசையில் மேலிருந்து 600 பேரை எடுத்துக்கொண்டு மீதியை ஒதுக்கிவிடுகிறது. தவறாமல் வரும் 400 பேரும், அவ்வப்போது வருபவர்களில் 200 பேரும் உள்ளே வருவார்கள். அந்த 200 பேர் தங்கள் குழுவைப் போலவே பிரிந்தால் ‘அ’வுக்கு 108, ‘ஆ’வுக்கு 92. கூட்டினால் ‘அ’ 292, ‘ஆ’ 308. இப்போது ‘ஆ’ ஏறக்குறைய இரண்டே முக்கால் புள்ளி முன்னிலை.

இரண்டாவது முறை நிகழ்தகவு. யாரையும் முழுதாக வெளியே தள்ளுவதில்லை. ஒவ்வொருவருக்கும் அவர் வருவதற்கான வாய்ப்பு எவ்வளவோ அவ்வளவு எடை. தவறாதவருக்கு 0.9, அவ்வப்போது வருபவருக்கு 0.5, அபூர்வமாக வருபவருக்கு 0.2 என்று கொள்வோம். பெருக்கிக் கூட்டினால் ‘அ’ 290.1, ‘ஆ’ 294.9. ‘ஆ’வின் முன்னிலை ஒரு புள்ளிகூட இல்லை, 0.8தான்.

இப்போது கடைசிக் குழுவின் வாய்ப்பை மட்டும் 0.2இலிருந்து 0.4ஆக உயர்த்திப் பாருங்கள். ‘அ’ 320.1, ‘ஆ’ 314.9. ‘அ’ 0.8 புள்ளி முன்னிலைக்கு வந்துவிட்டார். ஒருவர்கூட மனம் மாறவில்லை. ஒருவரிடம்கூடப் புதிதாகக் கேட்கவில்லை. அலுவலகத்தில் ஒருவர் ஓர் எண்ணை மாற்றினார், வெற்றியாளர் மாறிவிட்டார்.

என் ஓட்டு நிகழ்தகவு முறைக்குத்தான். வெட்டுக்கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே இருப்பவர் முழு வாக்காளர், மயிரிழை கீழே இருப்பவர் பூஜ்யம் என்பது மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தோடு ஒட்டவில்லை. அதைவிட மோசமாக, நிஜத்தில் இல்லாத அலைகளை வெட்டுக்கோடு உண்டாக்கிக் காட்டும். 2000இல் புஷ்ஷும் கோரும் மோதியபோது கேலப்பின் அன்றாடக் கணிப்பு சில நாட்களிலேயே பத்துப் புள்ளிக்கும் மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. பின்னர் ஆராய்ந்த அரசியல் அறிவியலாளர்கள், ஆட்டத்தில் பெரும்பகுதி மக்கள் மனம் மாறியதால் வந்ததல்ல, ‘வாக்களிக்கக்கூடியவர்’ கூட்டத்துக்குள் யார் நுழைந்தார், யார் வெளியேறினார் என்பதால் வந்தது என்றார்கள். தங்கள் வேட்பாளருக்கு நல்ல வாரமாக இருந்தால் ஆர்வக் கேள்விக்கு உற்சாகமாகப் பதில் சொல்கிறார்கள். மோசமான வாரமென்றால் சலிப்போடு பதில் சொல்லி, கோட்டுக்குக் கீழே போய்விடுகிறார்கள். தேர்தல் நாளில் எல்லோரும் வந்துவிடுகிறார்கள்.

முன்கூட்டியே வாக்களித்தவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்களின் வாய்ப்பு 1. பல மாநிலங்களில் தேர்தலுக்கு முன்பே அந்தப் பெயர்கள் பட்டியலில் ஏறிவிடுகின்றன.

படி 6: எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணுகிறார்கள்?

மேலே 600 என்ற எண்ணை நான் சும்மா எடுத்துக்கொண்டேன். நிறுவனங்களும் அதை எங்கிருந்தோ எடுக்கத்தான் வேண்டும். போன தேர்தலைப் போலவே இந்தத் தேர்தலும் இருக்கும் என்று எண்ணுவது பொதுவான வழக்கம். அது எப்போது கைவிடும் என்பதற்கு 2018 நல்ல சாட்சி. 2014இல் அவ்வளவு மந்தமாக நடந்த இடைக்காலத் தேர்தல் நான்கே ஆண்டுகளில் சுமார் 50 சதவீதத்தைத் தொட்டது. 1914க்குப் பிறகு இடைக்காலத் தேர்தல் ஒன்றுக்கு அவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

ஐயோவா மாநிலத்தின் கருத்துக்கணிப்பாளராக இருந்த ஆன் செல்சர் இந்த வழக்கத்துக்கு எதிரான கட்சி. பழைய தேர்தல்களின் உருவத்தை இந்தத் தேர்தலின் மேல் பூசக் கூடாது, இப்போது மக்கள் சொல்வதே எதிர்கால வாக்காளர் கூட்டத்தைக் காட்டட்டும் என்பது அவர் கொள்கை. 2008 ஜனவரியில் ஐயோவாவில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் காகஸ் கூட்டங்கள் நடக்கவிருந்தன. ஜனநாயகக் கட்சிக் கூட்டங்களுக்கு வருபவர்களில் 60 சதவீதத்தினர் முதன்முறையாக வருபவர்களாக இருப்பார்கள், ஒபாமா முன்னிலை என்றது அவர் கணிப்பு. போட்டியாளர்களின் முகாம்கள் அதை நம்பவில்லை. முதன்முறைக்காரர்கள் அவ்வளவு பேர் வந்த வழக்கமே இல்லை. கூட்டத்தின் வாசலில் எடுத்த கணக்கெடுப்பில் அது 57 சதவீதமாக வந்தது. ஒபாமா வென்றார்.

அதே செல்சர், ஏறக்குறைய அதே கொள்கையோடு, 2024 நவம்பரில் ஐயோவாவில் கமலா ஹாரிஸ் மூன்று புள்ளி முன்னிலை என்றார். டிரம்ப் 13 புள்ளியில் வென்றார். இவ்வளவு பெரிய பிழைக்கு வாக்களிக்கக்கூடியவர் வரையறை மட்டுமே காரணமாக இருக்க முடியாது. அழைப்பை எடுத்துப் பேசச் சம்மதித்தவர்களே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கலாம். ஆனாலும் புதியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு முறை அற்புதமாகப் பலித்த முறை என்பது அடுத்த முறைக்கு உத்தரவாதம் அல்ல.

போன தேர்தலையே நம்பும் தரப்புக்கும் இதே நிலைதான். 2015இல் பிரிட்டனில் கருத்துக்கணிப்புகள் கன்சர்வேட்டிவ் கட்சியின் பலத்தைக் குறைத்துக் காட்டின. அடுத்து 2017இல் பல நிறுவனங்கள் இளைஞர்கள் முன்பு எவ்வளவு குறைவாக வந்தார்களோ அவ்வளவுதான் வருவார்கள் என்று எடை போட்டன. ஐ.சி.எம். நிறுவனத்தின் கடைசிக் கணிப்பு கன்சர்வேட்டிவுக்கு 12 புள்ளி முன்னிலை, பி.எம்.ஜி. 13. உண்மையில் கிடைத்தது சுமார் இரண்டரைப் புள்ளி. கன்சர்வேட்டிவ் பிரதமர் தெரசா மே பெரும்பான்மையை இழந்தார். மக்கள் சொன்னதை அதிகம் திருத்தாமல் விட்ட சர்வேஷன் நிறுவனம் ஒரு புள்ளி என்று சொல்லியிருந்தது. போன தேர்தலின் பிழையைத் திருத்தப் போய், இந்தத் தேர்தலில் புதுப் பிழை செய்தார்கள்.

படி 7: எந்தக் கட்சிக்குச் சாதகம் என்ற பழைய சூத்திரத்தை மறந்துவிடுங்கள்

பல ஆண்டுகளாக ஓர் எளிய விதி இருந்தது. பதிவு செய்தவர்களிலிருந்து வாக்களிக்கக்கூடியவர்களுக்கு மாறினால் எண்கள் சில புள்ளி குடியரசுக் கட்சி பக்கம் நகரும். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. வயதானவர்களும் வசதியானவர்களும் தவறாமல் வந்தார்கள், அவர்களில் குடியரசுக் கட்சியினர் அதிகம். இளைஞர்களும் ஏழைகளும் அடிக்கடி வீடு மாறுபவர்களும் தவறவிட்டார்கள், அவர்களில் ஜனநாயகக் கட்சியினர் அதிகம்.

டிரம்ப் காலத்தில் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் ஜனநாயகக் கட்சி பக்கமும், பட்டம் இல்லாதவர்கள் குடியரசுக் கட்சி பக்கமும் சாய்ந்தார்கள். பட்டதாரிகள்தான் தவறாமல் வாக்களிப்பவர்கள். விதி தளர்ந்து, சில தேர்தல்களில் தலைகீழாகவே ஆகிவிட்டது. 2024க்குப் பின் பியூ மையம் வாக்களிக்காதவர்களிடம், வாக்களித்திருந்தால் யாருக்குப் போட்டிருப்பீர்கள் என்று கேட்டது. 44 சதவீதம் டிரம்புக்கு, 40 சதவீதம் ஹாரிஸுக்கு. ‘எல்லோரும் வந்திருந்தால் நாங்கள் ஜெயித்திருப்போம்’ என்ற ஜனநாயகக் கட்சியின் பழைய ஆறுதல் இனி செல்லாது. இன்னமும் பழைய விதியைச் சொல்லும் விமர்சகரைக் கண்டால், அவர் சில ஆண்டுகளாகப் பட்டியல்களைத் திறந்து பார்க்கவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

படி 8: வெளியான கணிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு செய்ய வேண்டியவை

இரண்டு எண்களும் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பதிவு செய்தவர்களின் எண்ணும் வாக்களிக்கக்கூடியவர்களின் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், நிறுவனத்தின் ஊகம் எத்தனை புள்ளி நகர்த்தியது என்று கழித்துப் பார்த்துவிடலாம். ஒன்றிரண்டு புள்ளி என்றால் சரி. ஏழெட்டுப் புள்ளி என்றால் முறையைப் பற்றிய குறிப்பைப் படிக்காமல் அந்த எண்ணைப் பகிராதீர்கள். முறையைப் பற்றிய குறிப்பே இல்லை என்றால் அந்தக் கணிப்பை விட்டுவிடுவதே மேல். ‘எங்கள் தனிப்பட்ட கணக்கீடு’ என்று சொல்லி மறைப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை.

ஆகஸ்டு எண்ணையும் அக்டோபர் எண்ணையும் ஒப்பிடும்போது எச்சரிக்கை தேவை. பல நிறுவனங்கள் கோடைக்காலம் முடியும்வரை பதிவு செய்தவர்களின் எண்ணை வெளியிட்டு, தேர்தல் நெருங்கியதும் வாக்களிக்கக்கூடியவர்களுக்கு மாறிவிடும். அந்த மாற்றத்தாலேயே எண் நகரும். ‘ஒரே மாதத்தில் மூன்று புள்ளி சரிவு’ என்று செய்தி வரும். ஆதரவு சரிந்திருக்காது, ‘ஆர்.வி.’ என்ற குறி ‘எல்.வி.’ என்று மாறியிருக்கும்.

பிழை வரம்பைப் பற்றி ஒன்று. 1,000 பேரின் மாதிரிக்கு கூட்டவோ குறைக்கவோ 3 புள்ளி என்று அடிக்குறிப்பு இருக்கும். அது எதேச்சையாக ஆளைத் தேர்ந்தெடுப்பதில் வரும் பிழையை மட்டுமே சொல்கிறது. யார் வருவார்கள் என்ற ஊகத்தின் பிழை அதற்குள் அடங்காது. நியூயார்க் டைம்ஸ் 2016 செப்டம்பரில் இதை அழகாக நிரூபித்துக் காட்டியது. ஃபுளோரிடாவில் 867 பேரிடம் எடுத்த ஒரே தரவை நான்கு தேர்ந்த குழுக்களிடம் கொடுத்து, உங்கள் முறைப்படி கணக்கிடுங்கள் என்றது. ஒரு குழு ஹிலாரி கிளின்டன் நான்கு புள்ளி முன்னிலை என்றது, இன்னொன்று மூன்று, மற்றொன்று ஒன்று, நான்காவது டிரம்ப் ஒரு புள்ளி முன்னிலை என்றது. நாளிதழின் சொந்தக் கணக்கு கிளின்டனுக்கு ஒன்று. ஐந்து கணக்குகளுக்கும் பதில் சொன்ன ஆட்கள் அதே ஆட்கள். எடையிடும் முறையும், யாரை வாக்காளராகக் கொள்வது என்ற முடிவும்தான் வேறு.

தமிழ்நாட்டுக்கு இதை அப்படியே கொண்டுவர வேண்டாம்

நம் ஊரில் தொலைக்காட்சிகள் வாக்குப்பதிவு முடிந்த மாலையில் காட்டுவது வாக்களித்தவர்களிடம் எடுத்த கணிப்பு. எல்லாக் கட்ட வாக்குப்பதிவும் முடியும்வரை அதை வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாக்களித்து முடித்தவரிடம் கேட்பதால் ‘வருவாரா?’ என்ற கேள்வியே அதில் எழாது. தேர்தலுக்கு முந்தைய கணிப்புகளில் அந்தக் கேள்வி உண்டு, ஆனால் விடை வேறு. அமெரிக்காவில் படித்தவர்களும் வசதியானவர்களும் அதிகம் வாக்களிக்கிறார்கள். இங்கே நகரத்து வசதியானவர்கள்தான் தவறவிடுகிறார்கள். கிராமமும் எளியவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே குறைந்த வாக்குப்பதிவு சென்னையில்தான். படிப்பும் வருமானமும் அதிகமானால் வாக்களிக்கும் வாய்ப்பும் அதிகம் என்ற அமெரிக்கச் சூத்திரத்தை இங்கே பொருத்தினால் அண்ணா நகருக்கு அதிக எடையும் அரியலூருக்குக் குறைந்த எடையும் கிடைத்துவிடும்.

படி 9: தேர்தல் முடிந்து சில மாதங்கள் கழித்து

முடிவு வந்த இரவில் எந்த நிறுவனம் சரி, எந்த நிறுவனம் தவறு என்று ஆரவாரம் நடக்கும். அதில் கலந்துகொள்ளலாம், ஆனால் ஏன் தவறியது என்பதற்கான விடை அன்று கிடைக்காது. கேலப் தன் 2012 பிழையை ஆராய்ந்து முடிக்க 2013 ஆகிவிட்டது. வாக்களிக்கக்கூடியவரை வரையறுத்த விதம் அவர்கள் கண்ட காரணங்களில் ஒன்று. மாநிலங்கள் யார் யார் வாக்களித்தார்கள் என்பதைப் பட்டியலில் ஏற்றி முடிக்கவே மாதங்கள் ஆகும். அதன்பிறகு பியூ மையம் பதிவேட்டில் சரிபார்த்த வாக்காளர்களை மட்டும் வைத்து ஓர் அறிக்கை வெளியிடும். 2024 தேர்தலுக்கான அறிக்கை 2025 ஜூனில் வந்தது. தேர்தலுக்கு முன் நீங்கள் நம்பிய நிறுவனத்தின் வாக்களிக்கக்கூடியவர் கூட்டத்தில் இளைஞர்கள் எத்தனை சதவீதம், பட்டதாரிகள் எத்தனை, முதன்முறைக்காரர்கள் எத்தனை என்று குறித்து வைத்திருந்தால், அந்த அறிக்கையின் எண்களோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்காகவே தேர்தலுக்கு முந்தைய வாரம் அவற்றின் விரிவான அட்டவணைகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் பிறகு அவற்றை எடுத்துவிடுவதுண்டு.